ஒன்றரைச் சாண்

தம்பி,

நேற்று நீ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "இடது கண்ணுக்கும் அதே லென்ஸ்தாம்மா, ஆஸ்பத்திரில சொல்லிட்டேன், நீ ஒண்ணும் யோசிக்காத" என்றாய். நான் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். பால் எதுவும் இல்லை. அடுப்பையே பற்றவைக்கவில்லை. வாயைத் திறந்தால் சத்தம் போட்டுவிடுவேன் என்று தோன்றியது. சத்தம் போட்டால் நீ "அம்மாவுக்கு பிபி" என்பாய், அப்பா "விடு, ஆபரேசன் பயம்" என்பார், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். எழுத்தை யாரும் குறுக்கே வெட்ட முடியாது.

நாளை மறுநாள் காலை கடலூரில் என் இடது கண்ணில் புரை எடுக்கிறார்கள். அதில் வைக்கப்போகும் லென்ஸ் நீ சொன்ன லென்ஸ் இல்லை. நானும் டாக்டரும் பேசி வேறொன்று முடிவு செய்திருக்கிறோம். நானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இதை ஆஸ்பத்திரிக்காரர்கள் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்க வேண்டும். உன் அறையில் இருக்கும் பையன்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்குக் கூச்சமில்லை. அவர்களுக்கும் ஊரில் அம்மாக்கள் இருப்பார்கள், நாளைக்கு அந்தப் பையன்களும் போனில் லென்ஸ் தேர்ந்தெடுப்பார்கள்.

என் கண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். தடிமனான கண்ணாடி, அதைக் கழற்றினால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் பவர் ஏறியது. கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்றே எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பொருளை மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக்கும் உள்ளே கொண்டுவந்தால், அங்கே எனக்குத் தெரிவது உங்கள் யாருக்கும் தெரியாது. எறும்பின் இடுப்பு தெரியும். உளுத்தம்பருப்பில் ஒட்டியிருக்கும் தோலின் நரம்பு தெரியும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற இடம் அது. ஊர் முழுக்க எனக்குப் புகையாக இருந்தாலும் அந்த ஒரு சாண் என்னுடையது. அங்கேதான் நான் ஊசி கோத்தேன், அரிசியில் கல் பொறுக்கினேன், அங்கேதான் படித்தேன்.

தெருவில் யாருக்கு முள் ஏறினாலும் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள், நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது பக்கத்து ஊர் கிள்ளைக்குப் போய்விட்டு உள்ளங்காலில் கருவேல முள்ளோடு வந்தாய். அப்பா உன் காலைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு பஷீரா அக்கா, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, சீழ் வச்சுடும்" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உன் பாதத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஊசி முனையால் தோலை நீக்கி அதை முழுசாக எடுத்தேன். நீ அழுதுகொண்டே, "அம்மா, என் கால மோந்து பாக்காத" என்றாய். அப்பா சிரித்தார். "கண்ணாடி போட்டா குருடி, கழட்டுனா டாக்டரு. உங்க அம்மா மாதிரி ஒரு கண்ண நான் எங்கயும் பாத்ததில்ல." என் கண்ணைப் பற்றி உன் அப்பா சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

புரை வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. நாற்பத்திரண்டு வயதில் புரையா? பவர் அதிகமாக உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வரும் என்று டாக்டர் சொன்னதை நான் வீட்டில் சொன்னேன். சொன்னதை யார் கேட்டது? தெரு விளக்கைச் சுற்றிப் புகை, எதிரே வரும் முகத்தில் புகை, புதுக் கண்ணாடி போட்டு மூன்று மாதத்தில் அதுவும் பற்றவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விட்டார். நெல்லிக்குப்பத்திலிருந்து உன் அத்தை வந்திருந்தபோது விஷயம் கேட்டுவிட்டு, "எங்க மாமனாருக்கு எழுபது வயசுல எடுத்தாங்க. ஒனக்கு என்னா அவசரம்? நல்லா பழுக்கட்டும், பழுத்தாதான் எடுக்க லேசு" என்றார்.

"அதெல்லாம் அப்ப, அண்ணி. இப்ப பழுக்க விட்டாதான் கஷ்டம். உள்ளயே ஒடச்சு உறிஞ்சி எடுக்குறாங்க. கெட்டியாயிட்டா ஒடைக்கறது கஷ்டம்."

"நீ என்னா டாக்டருக்குப் படிச்சியா? எங்க மாமனாரு ஒரு வாரம் அசையாம படுத்தாரு. தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்ட வச்சாங்க. அப்புறம் சோடா பாட்டில் கண்ணாடி. அவருக்கு இல்லாத கண்ணா?"

அவருக்கு வைக்க அன்றைக்கு லென்ஸே கிடையாது, கண்ணை அகலமாகத் திறந்து புரையை முழுசாக எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள், அதனால்தான் மணல் மூட்டை என்று விளக்க ஆரம்பித்தேன். அத்தை உன் அப்பாவைப் பார்த்து, "இவ பள்ளிக்கூடத்துல படிச்சுப் படிச்சுதான்டா கண்ணக் கெடுத்துக்கிட்டா" என்று முடித்துவிட்டார். நான் எழுந்து போய்க் காப்பி போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் எல்லாருக்கும் காப்பி கிடைக்கும், நீ கவனித்திருக்கிறாயா?

கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் அப்பாவும் போனோம். அந்த நாளை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கருவிழியின் வளைவு, கண்ணின் நீளம் எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் அளந்தார்கள். பிறகு லென்ஸ் பற்றி விளக்கிச் சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண், நல்ல பெண், கையில் டேப்லெட் வைத்திருந்தாள். அப்பாவின் போனில் நீ வீடியோ காலில் வந்தாய். அதோடு அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

"சார், ரெண்டு டைப் இருக்கு. ஒண்ணு தூரம் மட்டும் தெளிவா தெரியும், படிக்கக் கண்ணாடி போடணும். இன்னொண்ணு மல்டிஃபோகல். தூரம், கிட்ட ரெண்டும் தெரியும், கண்ணாடியே வேணாம்."

"ரோபோ லேசர்னு போட்டிருந்துச்சே, அது இருக்கா?"

"எங்க கிட்ட இல்ல சார். சில எடத்துல மொத வெட்ட மட்டும் லேசர்ல பண்ணுவாங்க. மத்ததெல்லாம் இதேதான்."

"சரி, மல்டிஃபோகலே போடுங்க. அம்மாவுக்கு இருக்கறதுல பெஸ்ட்டு போடுங்க."

"அம்மா என்ன வேலை பாக்குறாங்க சார்? டிரைவிங், கம்ப்யூட்டர், படிக்கறது, ஏதாச்சும்?"

"இல்லல்ல. வீட்லதான். டிவி பாப்பாங்க, கோயிலுக்குப் போவாங்க."

நான் உங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். போன் என் மடிக்கு மேலேதான் இருந்தது. நம் வீட்டில் டிவி பார்ப்பது அப்பா. கீழ வீதி வழியாகத் தினமும் நான் போவது கோயிலுக்கு இல்லை, நூலகத்துக்கு. இதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், முதல் சம்பளக்காரனின் சந்தோஷம். அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து, "சார்கிட்ட பேசிட்டேன்மா, எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றாள். சார் என்றது உன்னை. இருபத்திரண்டு வயது. உள்ளங்காலில் நான் முள் எடுத்த சார்.

உன்மேல் மட்டும் பழி போட மாட்டேன். நான் படிப்பதை நீ எப்போது பார்த்தாய்? நீயும் அப்பாவும் வெளியே போன பிறகு, சமையல் மேடை ஓரம் முக்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புத்தகத்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு படிப்பேன். வாசல் கதவுச் சத்தம் கேட்டால் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். யாரும் திட்டமாட்டார்கள். என்ன படிக்கிறாய், எதற்குப் படிக்கிறாய் என்று யாரும் கேட்கக்கூடாது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அது ஒன்றாவது யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அதைப் பொத்தி வைத்ததில் என் மகனுக்கே நான் டிவி பார்ப்பவளாகிவிட்டேன்.

வலது கண் ஆபரேஷனைப் பற்றி உனக்கு முழுசாகச் சொல்லவே இல்லை. உனக்குத் தெரியவேண்டும், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய காரியம். ஊசி கிடையாது. சொட்டு மருந்தில் கண் மரத்துவிட்டது. இமையை மூடாமல் இருக்க ஏதோ மாட்டினார்கள். தலைக்கு மேலே வெளிச்சம், அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நெல்மணி அகலம்கூட இல்லாத ஒரு வெட்டு. அதற்குள் பேனா மாதிரி ஒரு கருவி போய், ஒலியின் அதிர்வால் புரையை உடைத்து, உடைய உடைய உறிஞ்சியது. மெஷின் ஒரு ராகம் இழுப்பதுபோல ஏறி இறங்கியது. வெளிச்சம் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பதுபோலச் சிதறி, நீலமாகி, சிவப்பாகி, மறுபடி வெள்ளையானது. "லென்ஸ் உள்ள போகுதும்மா, ஆடாதீங்க" என்றார் டாக்டர். சுருட்டி அனுப்பிய லென்ஸ் உள்ளே போய் மெதுவாக விரிந்ததாம். தையலும் கிடையாது. நான் மனதுக்குள் பயந்து முடிப்பதற்குள் அவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். உன் அத்தையின் மாமனார் ஒரு வாரம் படுத்துக் கிடந்த இடத்தில் நான் மதியம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன்.

மறுநாள் கண்ணைத் திறந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் டீ கொட்டிய துணி நிறம். இத்தனை நாள் டீத்துணி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்து கீழ வீதியில் நின்று கண்ணாடி இல்லாமல் கோபுரத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து அது எனக்குக் கண்ணாடிக்குள் மட்டும் இருந்த கோபுரம். அன்றைக்கு அதன் பொம்மைகளின் விரல்கள் தெரிந்தன. உனக்குப் போன் செய்து அழுதேனே, அது பொய் இல்லை. இதை எழுதுவதால் அதை நான் மறுக்கவும் இல்லை.

ஆனால் அன்று மாலை நான் புத்தகத்தை எடுத்தேன். பழக்கத்தில் முகத்துக்கு அருகே கொண்டுவந்தேன். வலது கண்ணில் ஒன்றுமே இல்லை, கஞ்சி. தள்ளிப் பிடித்தேன். ஒரு தூரத்தில் எழுத்துகள் வந்தன, ஆனால் சாம்பலால் எழுதியதுபோல. டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. சமையல் மேடை ஓரத்தில் முடியாது. சாயங்காலம் பஸ் வந்தால் அதன் இரண்டு விளக்கையும் சுற்றி வட்டம் வட்டமாக வளையம். வெளிச்சத்தைப் பங்கு போட்டுத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று கொடுக்கும் லென்ஸ் அது, பங்கு போட்டால் குறையத்தானே செய்யும் என்று பிறகு எனக்குப் புரிந்தது. இந்த லென்ஸ் பலருக்கு நன்றாக ஒத்துப்போகிறது. அடுத்த தெரு டீச்சர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார், ராத்திரி ஸ்கூட்டியும் ஓட்டுகிறார். அதில் குற்றமில்லை. எனக்கு வேண்டியது அது இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் என்ன நடந்தது? அந்தப் பெண் போனில் "பழகிடும்மா, மூளை பழகணும்" என்றாள். நீ, "எல்லாருக்கும் செட் ஆயிடும்மா, நான் ரிவியூ எல்லாம் பாத்துட்டேன்" என்றாய். அப்பா, "டிவி பளிச்சுனு தெரியுதுல்ல?" என்றார். தெரிகிறது. டிவி பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கும் எல்லாருக்கும் காப்பி போட்டேன்.

இப்படியே இடது கண்ணையும் கொடுத்திருப்பேன். அஞ்சலை வராமல் இருந்திருந்தால் கொடுத்தே இருப்பேன். பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவருவாரே, அவர்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, "யக்கா, கெளுத்தி முள்ளு குத்தி உள்ளயே ஒடஞ்சிடுச்சு, சீக்கிரம் எடு, விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்று விரலை நீட்டினார். இடது கண்ணுக்காக இன்னும் போட்டிருந்த பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியோடு குனிந்தேன். இடது கண்ணில் புகைக்குள் விரல் ரேகை தெரிந்தது. வலது கண் அதன்மேல் கஞ்சியை ஊற்றியது. இரண்டும் சேர்ந்து எனக்கு இரண்டு விரல், இரண்டு ஊசி. வலது கண்ணை மட்டும் இறுக்கி மூடினால் இடதும் சேர்ந்து சுருங்கியது. கையால் மூடினால் ஊசிக்கு ஒரு கைதான் மிச்சம்.

"என்னாக்கா தடவிக்கிட்டு இருக்க?"

"இந்தக் கண்ணு குறுக்க வருது, அஞ்சல."

"அவ்ளோதான? இரு." தன் இன்னொரு கையால், மீன் செதில் ஒட்டிய அந்தக் கையால், என் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். "இப்ப எடு."

எடுத்தேன். கண்ணெல்லாம் மீன் நாற்றம். முள்ளைத் தரையில் தட்டிவிட்டு அஞ்சலை கேட்டார்: "அந்தக் கண்ணையும் இதே மாதிரி பண்ணப் போறியாமே, ஒன் வூட்டுக்காரரு சொன்னாரு. அப்புறம் முள்ளு குத்துனா நாங்க எங்க போறது? ஆபரேசனுக்கு முன்னாடியே எல்லாரும் குத்திக்கிட்டு வந்துடவா?"

சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இடது கண்ணும் அப்படியே ஆனால் அந்த ஒரு சாண் இந்த உலகத்தில் எனக்கு எங்கேயும் இருக்காது. அதை யாரும் திருடவில்லை. இருப்பதே தெரியாமல் எடுத்துவிடப் போகிறார்கள். தெரியாதவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? தெரியப்படுத்தாத என்மேல்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

மறுநாள் உன் அப்பாவிடம் சொல்லாமல் கடலூர் பஸ் ஏறினேன். பழைய கண்ணாடியில் வலது பக்கச் சில்லைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்ததால், ஒரு கண்ணுக்கு உலகம் பெரிதாகவும் ஒரு கண்ணுக்குச் சிறிதாகவும் இருந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் குமட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண், "சார் லைன்ல இருக்காங்களாம்மா?" என்றாள். "சார் இல்ல. நான்தான் வந்திருக்கேன். டாக்டரப் பாக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள்.

"சொல்லுங்கம்மா, வலது கண்ணுல ஏதும் தொந்தரவா?"

"கண்ணு நல்லாருக்கு டாக்டர். லென்ஸு எனக்குத் தோதா இல்ல."

"தூரம் கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்களே."

"தூரத்துல எனக்கு வேலை இல்ல டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "என்ன செய்றீங்க?"

"வீட்லதான். படிக்கிறேன்."

"கரஸ்ல டிகிரியா?"

"இல்ல. புத்தகம் படிக்கிறேன்."

இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததை ஒரு கண் டாக்டரிடம், பிழைப்பைச் சொல்வதுபோலச் சொன்னேன். பையில் இருந்த நூலகப் புத்தகத்தை எடுத்தேன். "எங்க வச்சுப் படிப்பீங்க, காட்டுங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணைப் பொத்தி, என் இடத்தில் வைத்துக் காட்டினேன். அவர் எழுந்து பக்கவாட்டில் வந்து நின்று பார்த்தார்.

"இதெல்லாம் முன்னாடியே ஏன்மா சொல்லல?"

"என்ன யாரும் கேக்கல டாக்டர். பையனக் கேட்டாங்க."

அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. "நாங்க கேட்டிருக்கணும்" என்றார். எனக்கு அது போதும். பிறகு அவர் பேசியது எல்லாம் என்னிடம்தான். லென்ஸில் பவர் என்பது ஒரே விடை உள்ள கணக்கு இல்லை, எந்தத் தூரத்தில் தெளிவு வேண்டும் என்று நாம் சொன்னால் அந்தத் தூரத்துக்குத்தான் பவர் போடுவார்கள் என்றார். தம்பி, இதைத்தான் நமக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தூரம் கேட்பதால் கேட்காமலே தூரம் கொடுக்கிறார்கள்.

"அப்ப எனக்கு ஒரு சாண்ல வைங்க டாக்டர்."

"ஒரு சாண் முடியாதும்மா. வலது கண்ணு தூரத்துல இருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப ஜாஸ்தி ஆயிடும், படி எறங்கறப்ப தள்ளும்."

"ரெண்டு சாண்?"

"பேரமா பேசுறீங்க?" சிரித்தார். ஸ்கேலை எடுத்து என் மூக்கிலிருந்து புத்தகம் வரை வைத்துப் பார்த்தார். "ஒன்றரைச் சாண். அதுக்கு மேல கிட்ட வர வேணாம். அதையும் மொத பழகிப் பாக்கணும். எல்லாருக்கும் ஒத்துக்காது. ஒத்துக்கலன்னா வேற யோசிக்கலாம்."

இடது கண்ணில் கழற்றி மாட்டுகிற காண்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் போட்டு, அந்தக் கண் ஒன்றரைச் சாணில் தெளிவாகும்படி செய்து ஒரு வாரம் அனுப்பினார். முதல் இரண்டு நாள் பித்தம் பிடித்தவள்போல நடந்தேன். சாம்பாரைத் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றினேன். அப்பா, "என்னாடி, கண்ணுல புதுசா எதையோ வச்சுக்கிட்டு வந்திருக்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "பையன் கோச்சுக்கப் போறான்" என்றார். "கோச்சுக்கட்டும்" என்றேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். நான்காம் நாள் படியில் கால் தானாக விழுந்தது. அன்றைக்கு மதியம் சமையல் மேடை ஓரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, புகைக்குள்தான் என்றாலும், ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தேன். அப்பா உள்ளே வந்தார். டப்பாவுக்குப் பின்னால் வைக்கவில்லை. "என்னா புக்கு?" என்றார். சொன்னேன். "ம்" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடம் நான் பயந்த கேள்வி அவ்வளவுதான்.

வாரம் முடிந்து மறுபடி போனபோதும், நூறு சதவீதம் சரியாக விழும் என்று டாக்டர் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், ராத்திரி வெளியே போக ஒரு கண்ணாடி தேவைப்படலாம் என்றார். வலது கண்ணின் வளையங்கள் அப்படியேதான் இருக்கும். எல்லாம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தப்பாகப் போனாலும் அது என் தப்பாக இருக்கட்டும்.

நீ எனக்குச் செய்தது அன்பு என்று எனக்குத் தெரியும். உன் வயதில் எத்தனை பேர் அம்மாவின் கண்ணைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து தேடுவார்கள்? ஆனால் தம்பி, இருப்பதில் சிறந்தது என்று ஒன்று கிடையாது. யாருக்கு, எதற்கு என்று கேட்டால்தான் சிறந்தது எது என்று தெரியும். உனக்குப் பெண் பார்க்கலாமா என்று அத்தை இப்போதே கேட்கிறார். நாளைக்கு ஒருத்தி உன் வீட்டுக்கு வருவாள். அவளைப் பற்றி யாராவது உன்னிடம் கேட்டால், போனை அவளிடம் கொடு. அவள் பேசாமல் இருந்தால், அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. என்னை மாதிரி அவளும் உன் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு முறை கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. காப்பி போட எழுந்து போனால் பின்னாலேயே போய்க் கேள்.

கடைசியாக ஒன்று. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள். நர்ஸ் கட்டில் கால்மாட்டில் நின்று உன்னைத் தூக்கிக் காட்டி, "ஆம்பளப் புள்ள, பாத்துக்க, நல்லா பாத்துட்டியா?" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரு சிவப்புப் புகை. எதிர்த்துப் பேசத் தெரியாத வயது, "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் உன்னைக் கொண்டுபோய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத் துடைத்துக் கொண்டுவந்து என் தோளோடு சேர்த்துப் படுக்கவைத்தார்கள். தலையைத் திருப்பினேன். ஒரு சாண்கூட இல்லை. உன் இமைமயிர் ஒவ்வொன்றும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கின்மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். உன்னை முதலில் பார்த்த தூரம் அது. இப்போது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, அதே தூரத்தில் இந்தத் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தூரம் நாளை மறுநாள் போய்விடும். ஒன்றரைச் சாண் கிடைக்கும், அது போதும். தீபாவளிக்கு நீ வரும்போது வழக்கம்போல வந்து என் முகத்துக்கு நேரே குனிவாய். நான் தலையை அரைச் சாண் பின்னால் இழுத்துக்கொள்வேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த முறை "பாத்துட்டேன்" என்று பொய் சொல்ல மாட்டேன். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் ஆடாமல் நில்.

அம்மா